காகிதமா, துணியா?

போன வாரம் ஷெல்பியோடு பேசிவிட்டு நோரீன் போனை வைத்தாளே, அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் காப்பி போட்டார்கள். வாசலில் பனியைத் தள்ளினார்கள். பள்ளிக்கூட பஸ்ஸை நோரீன் ஓட்டினாள். அதே பஸ்ஸில் ஐலா ஏறிப் போய் இறங்கி வந்தாள். இடி விழுந்த வீட்டிலும் உலை வைத்துத்தானே ஆகவேண்டும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வரலாம். கர்ட் கெட்டுனென் போன நவம்பரில் பனி தள்ளிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவன் மகள் ஐலாவுக்குப் பன்னிரண்டு வயது. அவளைப் பெற்ற ஷெல்பி, பிள்ளைக்குப் பேச்சு வருமுன்பே மிச்சிகனின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அரிசோனாவுக்குப் போய்விட்டவள். வளர்த்தது கர்ட்டின் இரண்டாம் மனைவி நோரீன். அவள் பெயரில் குழந்தையை முறைப்படி தத்து எழுதிவிடலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பான் கர்ட். அவனுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

இப்போது ஷெல்பி பெண்ணைக் கேட்கிறாள். வீடு இருக்கிறதாம், புதுக் கணவன் இருக்கிறானாம், வெயில் இருக்கிறதாம். வக்கீல் நோரீனிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பெற்றவள் உயிரோடு இருந்து கேட்கிறாள் என்றால் சட்டத்தின் கண்ணுக்கு நோரீன் அந்த வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். ஒரே ஒரு வழி இருக்கிறது. "நான் நோரீனோடதான் இருப்பேன்" என்று ஐலா தன் வாயால் நீதிபதியிடம் சொல்லவேண்டும்.

கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். நோரீனுக்கும் தோன்றியது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. பெற்ற மனம் பித்து என்கிறார்கள். பெறாமல் வளர்த்த மனத்துக்கு என்ன பெயர் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் ஐலா தானாகவே வாயைத் திறந்தாள்.

"நோரீன், பட்டனும் நூடுலும் இருக்கற டப்பா ரொம்பச் சின்னது. பெரிய கூண்டா ஒண்ணு நாமளே கட்டலாமா? நல்லா நீளமா, அதுங்க ஓடற மாதிரி."

பட்டனும் நூடுலும் முயல்குட்டி அளவுள்ள கினிப்பன்றிகள். ஒன்று கறுப்பு, வட்டமாக இருக்கும். இன்னொன்று வெள்ளை, எந்தப் பக்கம் சீவினாலும் படியாத முடி.

"கட்டலாமே," என்றாள் நோரீன். போகப்போகிறவர்கள் யாராவது வீடு கட்டுவார்களா? பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். மறுநாள் பஸ்ஸைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், யாரும் பார்க்காதபோது, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் தப்பு வெளிவந்தது. தப்பு நோரீனுடையது.

"இதை யார் போட்டது?"

ஐலாவின் அறையிலிருந்து வந்த குரலைக் கேட்டு நோரீன் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். பிளாஸ்டிக் டப்பாவுக்கு முன்னால் ஐலா மண்டியிட்டிருந்தாள். மார்போடு அணைத்திருந்த நூடுல் அடுத்தடுத்துத் தும்மிக்கொண்டிருந்தது. அதன் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"நான்தான். நேத்து நீ தூங்கப் போனதும் மாத்தினேன். உங்க ரஸ் சித்தப்பா ஒரு மூட்டை கொண்டுவந்து குடுத்தாரு. சுத்தமான தேவதாரு சீவல். வாசனையா இருக்கேன்னு..."

"தேவதாருவா?"

"நம்ம சவுனால இருக்கற அதே மரம்தான், ஐலா."

அந்த ஏரிக்கரை ஊரில் ஃபின்லாந்திலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் பாதிப் பேர். வீட்டுக்கு ஒரு சவுனா என்கிற ஆவிக்குளியல் அறை, சவுனாவுக்கு நாலு பக்கமும் தேவதாருப் பலகை. சனிக்கிழமை தோறும் அதற்குள் உட்கார்ந்து ஆவியில் வேகிறவர்களுக்கு அந்த வாசனைதான் சுத்தத்தின் வாசனை. துணிப்பெட்டிக்குத் தேவதாரு, ஷூவுக்குள் தேவதாரு, நாய் படுக்கத் தேவதாரு. அது ஒரு உயிருக்கு ஆகாது என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

"அந்த வாசனைதான் நோரீன் விஷம். அதுல இருக்கற எண்ணெய் இதுங்க நெஞ்சுக்குள்ள போய் மூச்சைக் கெடுத்துடும். பைன் மரமும் ஆகாது. நான் உன்கிட்ட சொல்லியிருக்கேன்ல?"

"சொன்னியா?"

"சொன்னேன். நீ தலையாட்டினே."

தலையாட்டியிருப்பாள். ஐலா கினிப்பன்றிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நோரீன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாளே தவிர, என்ன சொல்கிறாள் என்று காதில் வாங்கியதில்லை.

இருவருமாகச் சீவலை அள்ளி வெளியே கொட்டினார்கள். டப்பாவைக் கழுவி, பழைய துண்டு ஒன்றைப் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தார்கள். ஏரிக்காற்று உள்ளே வந்து இருவரையும் நடுங்கவைத்தது.

"இப்படி நீ தெரியாம எதையாவது போட்டேன்னா, நான் இல்லாதப்ப என்ன ஆகும்?" என்றாள் ஐலா, நூடுலின் மூக்கைத் துடைத்தபடி.

பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள் நோரீன். ஆசை இருக்கிறதே, அதற்குக் காது ஒரு பக்கம்தான் கேட்கும்.

கர்ட்டின் தம்பி ரஸ் பத்து மணிக்குத் தன் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஏப்ரல் பிறந்தும் பனி நிற்காததால் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"எங்க என் பன்னிங்க? மெத்தை எப்படி இருந்துச்சாம்?"

"சித்தப்பா, நூடுல் செத்திருக்கும்," என்றாள் ஐலா.

விஷயத்தைக் கேட்டதும் ரஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. "தேவதாருல தும்மலா? எங்க தாத்தா அந்தப் பலகை மேல படுத்தேதான் தொண்ணூறு வயசு இருந்தாரு."

"உங்க தாத்தா பன்னியா?"

"எங்க பாட்டிய கேட்டா ஆமான்னு சொல்லியிருப்பா."

ஐலா சிரித்துவிட்டாள். நவம்பருக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நோரீன் பார்க்கவில்லை. ஒரு நல்ல நாள்தான் இது, தும்மலோடு தொடங்கினாலும், என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கூண்டுக்கான கம்பிச் சட்டங்கள் இருந்தன. கராஜில் கர்ட் சாமான் அடுக்கிவைத்திருந்த அலமாரியைக் கழற்றினால் சதுரம் சதுரமாகக் கம்பி வலை. அவற்றை நிறுத்திவைத்துக் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் நாடாவால் கட்டினால் சுவர் ஆகிவிடும். தரைக்குத்தான் தண்ணீர் புகாத நெளி பிளாஸ்டிக் அட்டை வேண்டும். தேர்தல் சமயத்தில் வீட்டு முற்றம் தோறும் நட்டுவைக்கிற விளம்பர அட்டை இருக்கிறதே, அதுதான். தேர்தல் முடிந்ததும் ஊரில் கினிப்பன்றி வளர்க்கும் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் அதைத்தான் கேட்பார்கள்.

ரஸ் பக்கத்து வீடுகளில் பொறுக்கிய நாலைந்து அட்டைகளை இறக்கினான். எல்லாம் சின்னச் சின்னது.

"இதையெல்லாம் ஒட்டினா இடுக்குல மூத்திரம் இறங்கும்," என்றாள் ஐலா. "ஒரே துண்டா வேணும்."

"ஒரே துண்டுன்னா நெடுஞ்சாலையில நடற பெரிய அட்டைதான். அதுக்கு எங்க போறது?"

ஐலா நேராகக் கராஜின் மூலைக்குப் போனாள். படகுக்குப் பின்னால், தார்ப்பாயை விலக்கி, ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஒரு அட்டையை இழுத்தாள். நீல அட்டையில் வெள்ளை எழுத்து. கர்ட் கெட்டுனென். நம்ம ஊருக்கு நம்ம ஆள்.

ஊர் மன்றத்துக்குக் கர்ட் ஒருமுறை நின்றான். சொற்ப ஓட்டில் தோற்றான். தோற்றவன் அட்டையைத் தூக்கிப்போடவில்லை. "அடுத்த தடவைக்கு ஆகும்" என்று வைத்திருந்தான். அடுத்த தடவை, அடுத்த வருடம் என்றே வாழ்ந்துவிட்டுப் போன மனுஷன்.

ரஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். நோரீன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அட்டை தேவைக்கு மேல் நீளம். எங்கே வெட்டினாலும் அவன் பெயரில் கை வைக்காமல் முடியாது.

"வேண்டாம் ஐலா. கடையில புதுசு வாங்கிக்கலாம்."

"இது கராஜ்ல கிடந்து என்ன பண்ணப்போவுது?"

"இருந்தாலும்..."

"குடு நோரீன்."

ஐலா கத்தியை வாங்கினாள். அளவுகோலை வைத்து ஒரே இழுப்பில் அறுத்தாள். கெட்டுனெனின் கடைசி எழுத்துகள் தனியாக விழுந்தன. பிறகு நாலு ஓரத்திலும் முழுவதும் அறுக்காமல் பாதி ஆழத்துக்குக் கீறி, மடக்கி, தொட்டிபோல் தூக்கிவிட்டாள். அந்த வேலை நேர்த்தியைப் பார்த்து நோரீனுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"எழுத்து கீழ் பக்கம் போகட்டும்," என்றாள் ஐலா. "அதுங்க அப்பா பேர் மேல மூத்திரம் போக வேண்டாம்."

ரஸ் வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தான். அதை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

இனி விரிப்பு. அதற்குத்தான் நோரீன் ஒரு வேலை செய்துவைத்திருந்தாள். அவள் பிக்கப்பின் பின்னிருக்கையில் ஒரு பை கிடந்தது. கூண்டுக்கு என்று ஐலா சொன்ன அளவில் அவளே தைத்த விரிப்புகள். மேலே மெத்தென்ற ஃப்ளீஸ் போர்வைத் துணி, மஞ்சளில் குட்டிக் குட்டி மீன்கள். நடுவில் ஈரம் உறிஞ்சும் துண்டு. ஃப்ளீஸை அப்படியே போட்டால் மேலே ஈரம் முத்து முத்தாக நின்றுவிடும். வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல், கொதிக்கக் கொதிக்கப் பலமுறை துவைத்தால்தான் ஈரம் கீழே இறங்கும். இதை மட்டும் நோரீன் சரியாகத் தெரிந்துகொண்டு செய்திருந்தாள். வியாழனும் வெள்ளியும் பள்ளிக்கூடத்து வாசலில் பஸ்ஸை நிறுத்திக் காத்திருக்கும் நேரமெல்லாம் கையால் தைத்து, ராத்திரியில் துவைத்தது.

கடையில் காட்டலாம் என்று வைத்திருந்தாள். மற்ற விரிப்புகளை எல்லாம் ஐலா பார்த்து அலுத்த பிறகு பையை எடுத்து நீட்டினால் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்துப் பார்த்திருந்தாள்.

ரஸ்ஸைக் கராஜில் கேபிள் டை கட்ட விட்டுவிட்டு இருவரும் தீவனக் கடைக்குப் போனார்கள். கோழித் தீவனமும் குதிரைச் சேணமும் ரப்பர் பூட்ஸும் விற்கிற கடை. ஐலா ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள்.

"பைன், வேண்டாம். இது ஆஸ்பென் மரச் சீவல், பரவாயில்ல, ஆனா ஈரம் தாங்காது. வைக்கோல் கண்ணைக் குத்தும்."

"காகிதம்?"

"காகிதம் நல்லது." காகிதக் கூழைத் துகளாக்கி அடைத்த மூட்டையை அவள் இரண்டு கையாலும் தூக்கினாள். "புழுதி கம்மி. அள்ளித் தூக்கிப் போட்டுட்டு புதுசு போட்டா முடிஞ்சுது."

"துணி? நீதானே துணிதான் கால்ல புண்ணு வராம வைக்கும்னு சொன்னே."

"சொன்னேன்."

நோரீன் கையோடு கொண்டுவந்திருந்த பையை எடுத்து நீட்டினாள்.

ஐலா மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பையைப் பிரித்தாள். மஞ்சள் துணியைத் தடவினாள். தையலைப் பார்த்தாள். ஓரத்தில் கோணல்மாணலாகப் போன இடங்களையும் பார்த்தாள். நோரீன் காத்துக்கொண்டிருந்த முகம் வரவில்லை. அடி வாங்கப்போகிற பிள்ளையின் முகம்தான் வந்தது.

"நீயா தைச்சே?"

"ஆமா. பஸ்ல."

"ரொம்ப நல்லா இருக்கு." துணியை மடித்தாள். மறுபடி மடித்தாள். "காகிதமே வாங்கிக்கலாம் நோரீன்."

"ஏன்? துவைக்கறது நான்தானே. உனக்கு என்ன கஷ்டம்?"

"துணின்னா தினம் பெருக்கணும். ரெண்டு நாளுக்கு ஒருதடவை மாத்தணும். மாத்தும்போது ஒருத்தர் அதுங்களைப் புடிச்சுக்கணும், ஒருத்தர் விரிப்பை உதறணும். துணிக்கு ரெண்டு பேர் வேணும்."

"நாம ரெண்டு பேர் இருக்கோமே," என்றாள் நோரீன்.

ஐலா குனிந்து காகித மூட்டையை மறுபடி எடுத்துக்கொண்டாள். பக்கத்து வரிசையில் யாரோ ஒருவன் உப்பு மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு வழிவிட இருவரும் ஒதுங்கினார்கள்.

நோரீனுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. பெரிய கூண்டு. நான் இல்லாதப்ப என்ன ஆகும். அள்ளித் தூக்கிப் போட்டா முடிஞ்சுது. அந்தப் பெண் காலையிலிருந்து கினிப்பன்றிகளுக்காக மட்டும் யோசிக்கவில்லை. காலையிலும் மத்தியானமும் பஸ் ஓட்டிவிட்டு, சாயங்காலம் பேஸ்ட்ரிக் கடையில் மாவு உருட்டிவிட்டு, தனியாக வீட்டுக்கு வரும் ஒருத்திக்கு எது சுலபம் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூட்டையைத் தூக்கி பிக்கப்பில் போட்டார்கள். கதவை மூடினார்கள். நோரீன் சாவியைத் திருப்பவில்லை.

"உங்க அம்மாகிட்ட பேசினியா?"

"தினமும் பேசறேன். ஸ்கூல்லருந்து."

"அவ கூப்பிட்டாளா?"

"நான்தான் கூப்பிட்டேன்." ஐலா கண்ணாடியில் படிந்த மூச்சை விரலால் தேய்த்தாள். "டேரிலுக்கு ஆஸ்துமாவாம். முடி இருக்கற எதுவும் வீட்டுக்குள்ள ஆகாதாம். அதான் இதுங்களை உன்கிட்ட விடலாம்னு. விடலாமா?"

டேரில் என்பது ஷெல்பியின் புதுக் கணவன்.

"விடலாம்," என்றாள் நோரீன். வேறு என்ன சொல்வாள்?

"கோவமா?"

"இல்ல."

"பொய் சொல்றே."

"ஆமா. பொய்தான்." நோரீன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஓடாத வண்டியில் அதைப் பிடித்து என்ன செய்ய. "ஏன் ஐலா? நான் எதுல கொறை வெச்சேன், சொல்லு. மாத்திக்கறேன்."

"நீ ஒண்ணும் கொறை வெக்கல. எனக்கு அவளைப் பாக்கணும். அவ பக்கத்துல உக்காந்து பாக்கணும். என் மூக்கு யார் மாதிரின்னு தெரியணும். என்னை ஏன் விட்டுட்டுப் போனான்னு போன்ல கேக்க முடியல. கூடவே இருந்தா ஒரு நாள் கேட்டுடலாம்."

"கோடை லீவுக்குப் போய்ட்டு வாயேன்."

"அவ என்னை அங்கயே வெச்சுக்கறேன்னு சொல்றா நோரீன். யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல."

நான் சொல்லாமலே வைத்துக்கொண்டிருந்தேனே என்று நோரீனின் தொண்டைவரை வந்தது. சொல்லியிருக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கவேண்டும். சாப்பாடு போட்டாள், ஜுரத்தில் நெற்றியைத் தொட்டாள், பள்ளிக்கூட நாடகத்துக்குப் பஸ் சீருடையோடு ஓடினாள். சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டாள்.

"ஜட்ஜ் கேட்டா போறேன்னுதான் சொல்வேன்," என்றாள் ஐலா. "உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு நெனைச்சேன். கூண்டு முடிஞ்சப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"சரி," என்று நோரீன் சாவியைத் திருப்பினாள். வழியெல்லாம் ஏரி இன்னும் கரையோரம் உறைந்துதான் கிடந்தது.

வீட்டில் ரஸ் சுவரைக் கட்டி முடித்திருந்தான். நோரீனின் முகத்தைப் பார்த்தான், ஐலாவின் முகத்தைப் பார்த்தான்.

"விரிப்பு வாங்கலியா? போற வழியில ரெண்டு பேரும் எதையாவது முழுங்கிட்டீங்களா?"

"காகிதம் வாங்கிட்டோம்," என்றாள் நோரீன்.

மூவருமாக நீல அட்டையைக் கம்பிச் சுவருக்குள் இறக்கினார்கள். ஐலா மூட்டையைக் கிழித்துக் காகிதத்தைக் கொட்டி, கையால் சமமாகப் பரப்பினாள். ஒரு மூலையில் தண்ணீர்ப் புட்டி, இன்னொரு மூலையில் புல். கினிப்பன்றிகளை இறக்கிவிட்டதும் அவை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. அப்புறம் பட்டன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியது. நூடுல் பின்னாலேயே ஓடியது. தும்மல் நின்றிருந்தது.

"பாத்தியா, ஓடுது," என்றாள் ஐலா. "நோரீன், ஈரமான இடத்தை மட்டும் தினம் அள்ளிடு. முழுசா வாரத்துக்கு ஒருதடவை மாத்தினா போதும். நூடுலைத் தூக்கும்போது பின்பக்கத்தைக் கையில தாங்கிக்கணும். காட்டறேன், பாரு."

நோரீன் பார்த்தாள். இந்த முறை முகத்தைப் பார்க்காமல், கை எப்படிப் போகிறது என்று கவனமாகப் பார்த்தாள். தன் கையால் ஒருமுறை செய்தும் காட்டினாள். சுமாராக வந்தது.

ரஸ் கிளம்பிப் போனான். ஐலா கராஜில் சிதறிய அட்டைத் துண்டுகளைக் கூட்டப் போனாள். நோரீன் சமையலறையில் ராத்திரிக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நோரீன், நான் ஷெல்பி. அவ பக்கத்துல இருக்காளா?"

"இல்ல. கராஜ்ல இருக்கா. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். உன்கிட்டதான் பேசணும். கோவிச்சுக்காத."

"சொல்லு."

"நானும் டேரிலும் நல்லா யோசிச்சுப் பாத்தோம். இப்ப எங்க நிலைமைல ஒரு பெரிய பொண்ணைக் கொண்டுவந்து வெச்சுக்கறது சரியா வராதுன்னு அவர் நெனைக்கறாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கேஸு கீஸு எல்லாம் வேண்டாம், விட்டுடறேன். அவ உன்கிட்டயே இருக்கட்டும்."

நோரீன் கத்தியைக் கீழே வைத்தாள். முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைப்பதற்கில்லை. போகமாட்டாள், இங்கேதான் இருப்பாள் என்று உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அடுத்த மூச்சிலேயே அந்தச் சந்தோஷத்துக்காக அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"இதை அவகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? நேத்து பேசறப்ப எவ்வளவு ஆசையா இருந்தா தெரியுமா. அறைக்கு என்ன கலர்னு கேக்கறா. எனக்கு வாயே வரல. நீ சொல்லிடேன் நோரீன். நீதானே வளர்த்தே. உன் பேச்சைத்தான் கேப்பா."

"ஷெல்பி, நான் சொன்னா..."

நான் சொன்னால் நான் கெடுத்ததாகத்தான் நினைப்பாள் என்று சொல்ல வந்தாள். இத்தனை நாள் வாய் திறக்காத மாற்றாந்தாய், திடீரென்று வந்து உன் அம்மா உன்னை வேண்டாம் என்கிறாள் என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்? நம்பினால் மட்டும் என்ன? இரண்டு முறை வேண்டாமென்று விடப்பட்ட பிள்ளையை எந்த விரிப்பில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பது?

கராஜ் கதவு திறந்தது. கூட்டிய கையோடு, முடியெல்லாம் காகிதத் துகளாக ஐலா உள்ளே வந்தாள்.

"போன்ல யாரு? அம்மாவா? குடு, கூண்டு முடிஞ்சுதுன்னு சொல்லணும்."

அந்தக் குரல் அரிசோனாவரை கேட்டிருக்கவேண்டும். மறுமுனையில் ஒரு மூச்சு நின்றது. பிறகு இணைப்பு அறுந்தது.

"கட்டாயிடுச்சு," என்றாள் நோரீன்.

"பரவால்ல. நானே கூப்பிடறேன்."

ஐலா அவள் கையிலிருந்து போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த எண்களை அழுத்திக் காதில் வைத்தாள். நோரீன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து அடித்து நின்றது.

"பாத்ரூம்ல இருப்பா," என்று சொல்லிவிட்டு ஐலா மறுபடியும் அழுத்தினாள்.